கூட்டல் மட்டும் காட்டும் திரை

இரவு பதினொன்றரை. லோத்தா.
மலைச்சரிவின் மூன்று மாடி மருத்துவ நிலையம்
இன்னும் என் கணினியில்தான் நிற்கிறது.
கடல் பக்கத்து மூலைத் தூண், சி-ஏழு.
அதன் அடியில் ஓர் எண்:
எண்ணூற்று நாற்பது கிலோநியூட்டன்.
நிலநடுக்கம் தரும் விசை.
முன்னால் குறி ஏதுமில்லை,
அதாவது கூட்டல்.

தெமூகோவிலிருந்து சரிபார்ப்பாளர் பாமோந்தெஸ்
சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்:
"அமுக்கமா, இழுவையா, மில்யராய்?
எந்தக் குறியை நம்பி அடித்தளம் போட்டாய்?"

குறி சொல்கிறவளிடம் கேட்பதுபோல் கேட்கிறாரே
என்று கோபம் வந்தது.
பிறகு வெட்கம்.

கட்டடம் ஒரே ஆட்டம் ஆடுவதில்லை.
முதல் அதிர்வு வடிவத்தில்
மொத்தமும் நாணலாய் ஒருபக்கம் சாயும்.
இரண்டாவதில் இடுப்பு இங்கே, தலை அங்கே.
மூன்றாவதில் முறுக்கிக்கொள்ளும்.
ஒவ்வொன்றின் உச்சத்தையும்
நிறமாலை தனித்தனியே எடுத்துத் தரும்.
எந்த நொடியில் என்று மட்டும் சொல்லாது.

நேரம் தெரியாத உச்சங்களை எப்படிச் சேர்ப்பது?
வர்க்கப்படுத்து, கூட்டு, மூலம் எடு.
மேலே மூன்று என்றது ஒன்று.
கீழே நான்கு என்றது மற்றது.
ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து.
விடை ஐந்து.
மேலேயா, கீழேயா?
வர்க்கம் தின்ற கழித்தலை
மூலம் திருப்பிக் கக்குவதில்லை.

தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும்
வளைவு ஒரே பக்கம் என்று படம் காட்டும்.
பொய். பாம்பாய் நெளிகிற தூண் அது.
ஒரு கணுவில் சேரும் நான்கு விசைகளைக்
கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.
உதைக்கத்தான் செய்யும்; அந்த நால்வரும்
ஒரே நேரத்தில் அங்கே இருந்ததேயில்லை.

எதிர்வீட்டு ஹெர்த்ரூதிஸ் சொல்வாள்,
பெரிய நடுக்கத்தன்று சமையலறை விளக்கு
முதலில் கடல் பக்கம் போனது என்று.
மலைப் பக்கம் என்பான் அவள் கணவன்.
பல வருடங்களாக இதே சண்டை.
விளக்கு அறுந்து விழுந்ததில் மட்டும்
இருவருக்கும் ஒரே பேச்சு.

சரி. கட்டடத்தின் எடை அறுநூற்று இருபது.
எண்ணூற்று நாற்பதோடு கூட்டினால்
ஆயிரத்து நானூற்று அறுபது, அமுக்கம்.
இதற்காகத்தான் அடித்தளத்தை அகலமாகப் போட்டேன்.
கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது கழித்தேன்.
எடையில் பத்தில் ஒன்பதை மட்டும் நம்பு
என்கிறது விதிநூல்.
ஐந்நூற்று ஐம்பத்தெட்டு, கீழே.
எண்ணூற்று நாற்பது, மேலே.
மிச்சம் இருநூற்று எண்பத்திரண்டு
வானத்தைப் பார்த்து.

இரும்புத் தூண் மண்ணைவிட்டு எழப் பார்க்கும்.
பிடித்துக்கொள்ள என் வரைபடத்தில் இருந்தவை
நான்கு சன்னமான போல்ட்டுகள்,
கூடாரத்துக்கு அடித்த முளைகள்போல.

காலை ஏழுக்குக் கான்கிரீட்.
ஆறரைக்கு நான் தளத்தில்.

மேஸ்திரி நிபால்தோ குரிகேயோ
ரொட்டியை மென்றபடி புது வரைபடத்தை வாங்கினார்.
எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல், அடியில் ஒரு கோடு.
"இதென்ன, தரையில நட்ட சிலுவையா?"
"ரெண்டு பக்கமும்னு அர்த்தம்.
எட்டு போல்ட். ரெண்டு மடங்கு ஆழம்."
"எந்தப் பக்கம் வரும்னு தெரியாதா?"
"நேத்துவரைக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்தது."

லாரி வந்துவிட்டது. ஓட்டுநர் கையை விரித்தார்,
ஏழு கனமீட்டர், யார் பணம் கட்டுவது?
நான்தான் என்றேன். இன்னும் கட்டி முடிக்கவில்லை.

பின்னால் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒரு பக்கம் சுற்றினால் கலக்கும்,
மறுபக்கம் சுற்றினால் கொட்டும்.
அவர் கை நெம்புகோலில் இருந்தது.
குழியின் விளிம்பில் நின்று
அது எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.